அந்தக் கணக்கைப் போட்டது யார்?

கல்யாணத்தை மொத்தமாக கான்ட்ராக்ட் விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மண்டபம் முதல் தாம்பூலப் பை வரை ஒரே ஆள். நமக்குத் தெரிந்தது அவர் ஒருவரைத்தான். ஆனால் சமையல் அவருடையது இல்லை. சமையல் மாஸ்டர் தன் ஆட்களோடு வேறு ஊரிலிருந்து வருகிறார். மேடை அலங்காரம் இன்னொருவர். போட்டோவுக்கு மூன்றாவது ஆள். அந்த போட்டோகிராபரும் ஆல்பம் வேலையை வேறொருவரிடம் தள்ளியிருப்பார். ரசத்தில் உப்பு கூடிவிட்டால் நாம் சமையல் மாஸ்டரைத் தேடிப் போவதில்லை. ‘என்ன சார், இப்படிப் பண்ணிட்டீங்க?’ என்று கான்ட்ராக்டரைத்தான் பிடிக்கிறோம்.

ரசம் ஒரு பந்தியோடு போயிற்று. இதே மாதிரி ஏற்பாடு நாம் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டுக்கும், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு பெரிய கட்டடம் எழும்பும்போது வாசலில் வைக்கும் பலகையில் ஆர்க்கிடெக்ட் பெயர் பெரிதாக இருக்கும். ஆனால் தூண் எவ்வளவு தடிமன், உத்தரத்துக்குள் எத்தனை கம்பி என்று கணக்குப் போடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று மண்ணைப் பரிசோதித்துச் சொல்வது வேறொருவர். மின்சாரம், தண்ணீர்க் குழாய், ஏ.சி., லிஃப்ட், தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர். பல வேலைகளில் உரிமையாளர் இவர்களை நேரடியாக நியமிப்பதில்லை. ஆர்க்கிடெக்ட் நியமிக்கிறார், கட்டணமும் அவரே கொடுக்கிறார். இவர்கள்தாம் சப்-கன்சல்டன்ட்கள். தமிழில் துணை ஆலோசகர் என்று சொல்லலாம். சைட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சப்-கான்ட்ராக்டரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சப்-கான்ட்ராக்டர் ஆளும் பொருளும் கொண்டுவந்து வேலையை முடிக்கிறவர். சப்-கன்சல்டன்ட் ஒரு செங்கலைக்கூடத் தொடுவதில்லை. அவர் தருவது கணக்கு, வரைபடம், கையெழுத்து. சுவர் கோணலாக இருந்தால் நம் கண்ணுக்கே தெரிந்துவிடும். கணக்கு கோணலாக இருந்தால் பாரம் ஏறும்வரை தெரியாது.

அப்படித் தெரியாமலே போன ஒரு கணக்கு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இருந்தது. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள்.

மிசோரி மாநிலத்தில் இருக்கும் அந்த நகரத்தில் 1980 ஜூலையில் ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டல் திறக்கப்பட்டது. 40 மாடி. உள்ளே நுழைந்ததும் உயரமான ஒரு பெரிய கூடம். கூடத்தின் குறுக்கே 2, 3, 4-வது மாடி உயரங்களில் மூன்று தொங்கு நடைபாதைகள். கீழே தூண் கிடையாது. கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளில் தொங்கின. ஒவ்வொன்றும் சுமார் 37 மீட்டர் நீளம், 29 டன் எடை. 4-வது மாடிப் பாதைக்கு நேர் கீழே 2-வது மாடிப் பாதை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். உரிமையாளர் ஒரு ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தை நியமித்தார். அந்த நிறுவனம் ஜாக் கில்லம் என்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் நிறுவனத்தைத் துணை ஆலோசகராக வைத்துக்கொண்டது. கில்லம் தன் அலுவலகத்தில் டேனியல் டங்கன் என்ற பொறியாளரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார். இன்னொரு பக்கம், கட்டுமான கான்ட்ராக்டர் ஸ்டீல் வேலையை ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்குக் கொடுத்தார். பட்டறையில் எதை எங்கே வெட்டி எங்கே துளை போட வேண்டும் என்று காட்டும் படங்களை ஷாப் டிராயிங் என்பார்கள். அந்தக் கம்பெனி, வேலை அதிகமாகிவிட்டதால், அந்தப் படங்களை வரையும் பொறுப்பை வெளியில் இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்தது.

கில்லம் அலுவலகம் போட்ட படத்தில் ஒரே நீளத் தண்டு. கூரையில் மாட்டியது, 4-வது மாடிப் பாதையின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, 2-வது மாடிப் பாதையையும் தாங்கும். ஒவ்வொரு உத்தரத்துக்கும் அடியில் ஒரு நட்டு. இதில் ஒரு நடைமுறைத் தொல்லை இருந்தது. 4-வது மாடி உயரம்வரை நட்டைத் திருகி ஏற்ற வேண்டுமானால் தண்டின் கீழ்ப்பகுதி முழுக்க மரை வெட்ட வேண்டும். தூக்கி மாட்டும்போது அந்த மரை அடிபட்டுவிடும். அதனால் ஒரு தண்டு இரண்டானது. மேல் தண்டு கூரையிலிருந்து 4-வது மாடி உத்தரம் வரை. கீழ்த் தண்டு அந்த 4-வது மாடி உத்தரத்திலிருந்தே தொடங்கி 2-வது மாடிக்கு.

கேட்டால் பெரிய மாற்றமாகத் தெரியாது. கிணற்றுக்குள் ஒரு கயிறு தொங்குகிறது. இரண்டு பேர் மேலும் கீழுமாக அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இரண்டு பேரையும் தாங்க வேண்டும். ஆனால் மேலே இருப்பவரின் கை அவரை மட்டும் தாங்கினால் போதும். இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு, மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குகிறார். கயிற்றுக்கு அதே பாரம்தான். மேலே இருப்பவரின் கைக்கு இரண்டு மடங்கு. 4-வது மாடி உத்தரத்துக்கு அடியில் இருந்த நட்டும், அது பதிந்திருந்த இடமும்தான் அந்தக் கை.

1979 பிப்ரவரியில் ஷாப் டிராயிங்குகள் கில்லம் அலுவலகத்துக்கு வந்தன. மொத்தம் 42 படங்கள். பார்த்துவிட்டோம் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு தண்டு மாற்றம் அந்தப் படங்களில் ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது.

‘போனில் கேட்டோம், சரி என்றார்கள்’ என்றது ஸ்டீல் கம்பெனி. அப்படி ஓர் அழைப்பு வரவே இல்லை என்றார் டங்கன். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கும் யாரிடமும் இல்லை. இணைப்பை வடிவமைப்பது ஸ்டீல் கம்பெனியின் வேலை என்று இன்ஜினீயர் தரப்பு நினைத்துக்கொண்டிருந்தது. அது இன்ஜினீயர் படத்திலேயே முடிந்துவிட்டது என்று ஸ்டீல் தரப்பு நினைத்துக்கொண்டிருந்தது. பெரிய கணக்குகூட இல்லை. கல்லூரி மாணவரே உட்கார்ந்து போட்டுவிடக்கூடிய கணக்கு.

எச்சரிக்கை வராமலும் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1979 அக்டோபர் 14 அன்று, அந்தக் கூடத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு கூடத்தின் ஸ்டீல் இணைப்புகளை மீண்டும் சரிபார்ப்பதாக உறுதி சொல்லப்பட்டது. நடைபாதையின் அந்த இணைப்பு அப்போதும் கணக்கில் வரவில்லை. சைட்டில் தங்கள் ஆள் ஒருவரை நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்று இன்ஜினீயர் தரப்பு கேட்டது. கூடுதல் செலவு என்று மறுத்துவிட்டார்கள். இந்தப் பதில் எந்த நாட்டுக்கும் புதிதில்லை போலிருக்கிறது.

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. கூடத்தில் நடன நிகழ்ச்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். நடைபாதைகளில் நின்றும் பலர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணி சுமாருக்கு 4-வது மாடிப் பாதையின் உத்தரம் நட்டிலிருந்து பிய்த்துக்கொண்டது. அந்தப் பாதை 2-வது மாடிப் பாதையின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கீழே நின்ற கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம். இடிபாடுகளைத் தூக்கி ஆட்களை மீட்கும் வேலை விடிய விடிய நடந்தது.

அரசு அறிக்கை வருவதற்கு வெகு முன்பே, அந்த ஊர்ப் பத்திரிகை ஒரு பொறியாளரை வைத்து ஆராய்ந்து, தண்டு மாறியிருப்பதைச் சில நாட்களிலேயே வெளியிட்டது. கான்சாஸ் சிட்டி ஸ்டார், கான்சாஸ் சிட்டி டைம்ஸ் என்ற இரண்டு பத்திரிகைகளுக்கும் 1982-ல் புலிட்சர் விருது கிடைத்தது இதற்காகத்தான்.

நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற அமெரிக்க அரசு அமைப்பு மாதிரிகளைச் செய்து சோதித்துப் பார்த்தது. நகர விதி கேட்ட பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த இணைப்புக்கு இல்லை என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது, இந்தக் கதையைச் சொல்லும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முதலில் வரைந்த ஒற்றைத் தண்டு முறையில் கட்டியிருந்தாலும் விதி கேட்டதில் 60 சதவிகிதம்தான் தாங்கியிருக்கும். ஆக, மாற்றியவர் மட்டும் கோட்டை விடவில்லை. மாற்றுவதற்கு முன்பும் அந்த இடத்துக்கு யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

கிரிமினல் வழக்கு யார் மேலும் போடப்படவில்லை. ஆனால் பொறியாளர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மிசோரி மாநில வாரியம் விடவில்லை. நீண்ட விசாரணைக்குப் பிறகு 1985 நவம்பரில், இது பெரும் அலட்சியம் என்று தீர்ப்பு வந்தது. கில்லம், டங்கன் இருவரும் அந்த மாநிலத்தில் லைசென்ஸை இழந்தார்கள். இணைப்பு வேலையை ஸ்டீல் கம்பெனியிடம் விடுவதுதான் தொழில் வழக்கம் என்ற வாதம் எடுபடவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். கட்டமைப்புப் படத்தில் முத்திரை யாருடையதோ பொறுப்பு அவரோடுதான் இருக்கும் என்று ஆயிற்று. 1988-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஷாப் டிராயிங்குகளைக் கில்லம் தன் கையால் சரிபார்க்கவில்லை. ஆனால் முத்திரை அவருடையது. பின்னாளில் அவரே பொறியாளர்கள் கூடும் அரங்குகளுக்குப் போய் இந்த விபத்தைப் பற்றிப் பேசினார்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. பத்துப் பேர் பங்குபோட்ட பொறுப்பு கடைசியில் யாருடையதுமாக இருக்காது. ஒருவராவது ‘என்னுடையது’ என்று சொல்ல வேண்டும். அதே சமயம், சைட்டுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது செலவைக் காட்டி மறுத்தவர்களை எந்த லைசென்ஸ் வாரியமும் கேட்க முடியாதே என்ற உறுத்தலும் இருக்கிறது.

எங்கோ நடந்ததை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று வெளியில் கொடுத்தார்களே அந்த ஷாப் டிராயிங் வேலை, அது இன்று கடல் கடந்து நம் ஊர்களுக்கு வருகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஸ்டீல் டீடெய்லிங் அலுவலகங்கள் நிறைய. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழும்பும் கட்டடங்களின் உத்தரத்தையும் போல்ட்டையும் இங்கே கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்த உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ அப்படி ஓர் அலுவலகத்தில் இருக்கக்கூடும். ‘சும்மா டிராயிங் போடற வேலைதான்’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். சும்மா இல்லை. மூலப் படத்தில் உள்ளதை அப்படியே செய்ய முடியாது என்பது முதலில் தெரியவருவது அவர்களுக்குத்தான்.

அப்போது என்ன செய்வது என்பதற்கு அந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஆர்.எஃப்.ஐ. என்பார்கள், விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம். ‘இந்த இடத்தில் இப்படி மாற்றலாமா?’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு மாற்ற வேண்டும். மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்ட வேண்டும். படத்தைச் சரிபார்ப்பவரின் கண் நேராக அங்கே போகட்டும் என்பதற்காக. டெட்லைன் நெருக்கும். ‘அப்ரூவ் பண்ணும்போது அவங்க பாத்துப்பாங்கப்பா’ என்று டீம் லீடர் சொல்லுவார். அவர்கள் பார்க்காமல் போன 42 படங்களின் கதையை அவருக்கும் சொல்லலாம்.

இனி, சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். ‘கம்பிக்கு டிராயிங் யார் போட்டதுண்ணே?’ என்று கேட்டேன். ‘இன்ஜினீயர்தான் தம்பி’ என்றார். இன்ஜினீயர் பக்கத்தில்தான் நின்றார். ‘நமக்கு ரெகுலரா பண்ணித் தர்றவர் ஒருத்தர் இருக்கார் சார்’ என்றார். படம் வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. அந்த முகம் தெரியாதவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் மேலே ஒரு மாடியா இரண்டா, மொட்டை மாடியில் வைக்கப்போகும் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது, மனை முன்பு வயலாக இருந்ததா என்பதெல்லாம் அவருக்கு யார் சொன்னது? சொல்லாத தகவலுக்கு யாராலும் கணக்குப் போட முடியாது.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. அவை ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், மண் பரிசோதனைப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. ஆகவே ‘உங்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் யார், அவருடைய பதிவு எண் என்ன?’ என்று கேட்பது அவமரியாதை ஆகாது. ஃபிடிக் என்ற பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தங்களிலேயே, வேலையைத் துணை ஆலோசகரிடம் கொடுக்க வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டங்களில் கேட்கிற கேள்வியை, வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டும் நாம் கேட்கக் கூடாதா? இன்ஜினீயரிடம் போடும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். கட்டமைப்புக் கணக்கைப் போடுபவர் இன்னார். கான்கிரீட் போடுவதற்கு முன் அவரோ அவர் அனுப்பும் ஆளோ வந்து கம்பியைப் பார்ப்பார். அந்த வருகைக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். டைல்ஸில் பேரம் பேசிக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், பாதியில் செய்யும் மாற்றம். ‘இந்தத் தூணை ஒரு அடி தள்ளினா கார் நல்லா நிக்கும் சார்’ என்பார் மேஸ்திரி. அவர் சொல்வது நியாயம். கார் நன்றாகவே நிற்கும். கான்சாஸ் சிட்டியில் தண்டை இரண்டாக்கச் சொன்னவர்களும் நியாயமான காரணம்தான் வைத்திருந்தார்கள். தூணைத் தள்ளலாமா என்ற கேள்வி மேஸ்திரியிடமிருந்து இன்ஜினீயருக்கும், அவரிடமிருந்து கணக்குப் போட்டவருக்கும் போய், திருத்திய படமாகத் திரும்பி வர வேண்டும். ‘போன்ல கேட்டுட்டேன், ஓகேன்னுட்டார்’ என்று யாராவது சொன்னால், ‘அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். ஒரு நாள் தாமதமாகும்.

இதில் மறுபக்கமும் உண்டு. பலகையில் பெயர் இல்லாத இந்தத் துணை ஆலோசகருக்குத்தான் காசு கடைசியில் வருகிறது. ‘பார்ட்டிகிட்ட இருந்து வந்ததும் தர்றேன்’ என்பது இந்தத் தொழிலில் எழுதாத விதி. சில ஒப்பந்தங்களில் எழுதியே வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் 1996-ல் வந்த ஒரு சட்டம், கட்டுமான ஒப்பந்தங்களில் அப்படிப்பட்ட நிபந்தனை பெரும்பாலும் செல்லாது என்று ஆக்கிவிட்டது. மேலே பணம் தர வேண்டியவர் திவாலானால்தான் விதிவிலக்கு. முந்தைய மூன்று வேலைகளுக்குப் பாக்கி வைத்திருக்கும் ஒருவருக்காக, நான்காவது வேலையில் கம்பியை எண்ணிப் பார்க்க எவரும் ஐம்பது கிலோமீட்டர் பைக் ஓட்டி வரமாட்டார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

நம் நாட்டில் அவருக்கு ஒரு பிடி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டியாக. சேவை தருகிறவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனி ஆளாக டிசைன் போடும் பொறியாளரும் உத்யம் தளத்தில் பதிந்துகொள்ளலாம். வேலையை ஏற்பதற்கு முன்பே பதிந்து வைப்பது நல்லது. பணம் வராவிட்டால் அதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ‘ஆயிரம் ரூபாய் கட்டினால் உடனே சர்டிஃபிகேட்’ என்று கூகுளில் முதலில் வந்து நிற்கும் தளங்கள் அரசுத் தளங்கள் இல்லை; முகவரி ஜி.ஓ.வி டாட் ஐ.என் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைக் கொடுங்கள்.